பேரணாம்பட்டு கோப்புகள், ஜெர்மனி சர்வர்: ஒரு ஷூ அப்பர் கம்பெனியின் கிளவுட் அனுபவம்

வேலூர் பக்கத்துச் சிறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். 2024 மார்ச் முதல் 2025 கோடை வரை ஒரு வாடிக்கையாளரிடம் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கம்பெனியின் பெயரும் கிளவுட் சேவையின் பெயரும் தேவையில்லை என்பதால் விட்டிருக்கிறேன். ஐரோப்பாவில் புதிதாக வளர்ந்துவரும் சேவைகளை நம் ஊரில் பலர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து ஏற்றுமதி செய்யும் நடுத்தரக் கம்பெனி அது. தோல் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி டேனரிகளிலிருந்து (தோல் பதனிடும் ஆலைகள்) வருகிறது. கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாம் இங்கேயே. சரக்கில் பெரும்பகுதி ஜெர்மனியிலுள்ள ஒரே பையருக்குப் போகிறது.

இந்தத் தொழிலில் தோலுக்கு இணையாகக் கோப்பும் முக்கியம். குரோம் பதனிட்ட தோலில் சில சூழல்களில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். உடலில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 மே 1 முதல் இதுதான் விதி. அதனால் ஒவ்வொரு லோட் தோலுக்கும் லேப் அறிக்கை வேண்டும், பையர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். அதோடு தோலை வெட்டும் வடிவங்களைக் கொண்ட பேட்டர்ன் கோப்புகள், ஒவ்வொரு சைஸுக்குமான அளவுகள், வந்திறங்கும் தோலில் உள்ள குறைகளைக் காட்டும் போட்டோக்கள். போட்டோக்கள் டேனரியோடு கணக்குத் தீர்க்கும்போது உதவுபவை.

எல்லாம் டிசைனரின் மேக்கோடு சேர்ந்த ஒரு பழைய வெளி டிஸ்க்கிலும், அலுவலகத்தின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலும் சிதறிக் கிடந்தன. ஃபோல்டர் பெயர்கள் பெரும்பாலும் தமிழில்: தோல் சோதனை, ஜோடி அளவு, லோட் போட்டோ. கட்டிங் பிரிவு மேற்பார்வையாளருக்கும் புரியவேண்டும் என்று முதலாளி விரும்பி வைத்தவை அவை.

ஏன் ஐரோப்பிய சேவை

தங்கள் டிசைன் கோப்புகள் ஐரோப்பாவுக்குள் இருக்கும் சர்வரில்தான் இருக்கவேண்டும் என்று பையர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார். அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்குள்ள அதிகாரிகள் சட்டப்படி தரவைக் கேட்க முடியும். இதனால் ஐரோப்பியக் கம்பெனிகள் பலவும் இப்படிக் கேட்கின்றன.

பார்த்தவற்றில் ஒரு புதிய சேவை பொருத்தமாக இருந்தது. ஜெர்மனியில் சர்வர், எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் (கோப்பு நம் கம்ப்யூட்டரிலேயே பூட்டப்பட்டுப் போகும், சேவைக்காரர்களாலும் படிக்க முடியாது), பெரிய பெயர்களைவிடக் குறைந்த விலை. ஒரே தடவை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க இடம் என்று ஒரு சலுகையும் வைத்திருந்தார்கள். முதலாளிக்கு அதில் ஆசை. நான் ஆண்டுச் சந்தாவையே பரிந்துரைத்தேன். வளரும் கம்பெனி சர்வருக்கும் கரண்டுக்கும் மாதாமாதம் செலவு செய்தாக வேண்டும். ஒரு தடவை வாங்கிய பணம் தீர்ந்த பிறகு பழைய வாடிக்கையாளரைத் தாங்கப் புது வாடிக்கையாளர் வந்துகொண்டே இருக்கவேண்டும். அந்தக் கணக்கு எத்தனை வருடம் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. கடைசியில் ஆண்டுச் சந்தாதான் எடுத்தார்கள். புதுப்பிக்கும் தேதி மார்ச் 24.

இன்னொரு விஷயத்தையும் அப்போதே பேசினோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இருப்பதால் எல்லாம் பத்திரம் என்று விளம்பரத்தைப் பார்த்துத் தோன்றும். 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டம் காப்பது தனிமனிதர்களின் தகவலை. ஷூ பேட்டர்ன் தனிமனிதத் தகவல் இல்லை. அது தொலைந்தால் அந்தச் சட்டம் வந்து நிற்காது. சேவையோடு நாம் போடும் ஒப்பந்தம் மட்டுமே பேசும்.

ஏற்றும்போது கண்டது

கம்பெனியில் ஃபைபர் லைன் இருந்தும் ஏற்றுவது நத்தை வேகத்தில் போனது. காரணம் லைன் இல்லை. பேட்டர்ன் கோப்புகள் சின்னச் சின்னதாக, லட்சத்துக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் இங்கே குறியாக்கம் ஆகி, ஜெர்மனி போய், வந்து சேர்ந்தது என்ற பதில் திரும்பி வரவேண்டும். ஒரு கோப்புக்கு அரை வினாடி என்று வைத்தாலே 1 லட்சம் கோப்புக்கு 50,000 வினாடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். நடுவில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு. முடிந்துபோன சீசன்களின் கோப்புகளைச் சீசனுக்கு ஒன்றாகச் சுருக்கி மூட்டை கட்டி ஏற்றியதும் வேலை ஓடியது.

சில கோப்புகள் ஏறவே இல்லை. பெயர் நீளம்தான் சிக்கல். பல சர்வர்களில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதாவது 85 குறியீட்டோடு முடிந்துவிடும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும். பெயரையும் சேர்த்துக் குறியாக்கம் செய்தால் அது இன்னும் நீளும், கிடைக்கும் இடம் இன்னும் குறையும். தேதி, ஆர்ட்டிகிள் நம்பர், டேனரி பெயர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதும் பழக்கம் இருந்ததால் அவை தடுக்கப்பட்டன. சுருக்கியதும் ஏறின.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்லவேண்டும். பையருக்கு அனுப்பும் லிங்க் ஒழுங்காக வேலை செய்தது. கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்க உதவும் மீட்புச் சொற்களை அச்சடித்து, செக் புத்தகம் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் சிறியது என்பதால், கோப்பு கிளவுடில் மட்டும் இருக்க, இங்கே பெயர் மட்டும் தெரியும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய வெளி டிஸ்க் அலமாரிக்குப் போனது. புதிய கோப்புகளுக்கும் உள்ளூரில் இன்னொரு பிரதி வைக்கலாம் என்றேன். அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிப்போனது.

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்

பெரிய சிக்கல் இங்கேதான் விதைக்கப்பட்டது. ஒரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

தமிழில் ஒகர ஓகாரக் குறிகளைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக எழுதலாம். ‘தோ’ என்பதில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் பைட் கணக்கில் ‘தோல்’ ஒரு விதத்தில் 12 பைட், இன்னொரு விதத்தில் 15 பைட். மேக்கின் பழைய டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸில் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த குறியீடாக வரும், விண்டோஸ் அதை மாற்றவும் செய்யாது.

இரண்டையும் சமமாக எண்ணி ஒன்றாக்குவது சேவையின் வேலை. இந்தச் சேவை அதைச் செய்யவில்லை. பெயரே குறியாக்கம் ஆகிப் போவதால், சர்வர் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பழைய டிஸ்க்கிலிருந்து ஏறிய ‘தோல் சோதனை’ ஒன்று, அலுவலகத்தில் புதிதாக உருவாக்கிய ‘தோல் சோதனை’ இன்னொன்று என்று இரண்டாக நின்றன. ஜோடி அளவு, லோட் போட்டோ இரண்டிலும் அதே கதை. மூன்று பெயரிலும் ஓகாரம் இருக்கிறது.

இன்றைய மேக், இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று சரியாகவே புரிந்துகொள்ளும். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டை அது விடாது. அதனால் டிசைனரின் திரையில் இரண்டாவது ஃபோல்டரை கிளவுட் சேவையின் செயலி ‘தோல் சோதனை (2)’ என்று காட்டியது. வருட முடிவில் இடம் ஒழுங்குபடுத்தியபோது, (2) என்று இருந்தவற்றைப் பிரதி என்று நினைத்து அவர் நீக்கினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2025 மார்ச் 14 அன்று தோல் சோதனையும் லோட் போட்டோவும் போயின, மார்ச் 22 அன்று ஜோடி அளவு. அந்த ஒரு வருடத்தின் புதிய கோப்புகள் அத்தனையும் அந்த (2)-களுக்குள்தான் இருந்தன. நீக்கியது சர்வருக்கும் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் உடனே பரவியது. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் நிரந்தரமாகப் போய்விடும்.

புதுப்பிக்காத சந்தா

அதே நேரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பரில் கம்பெனியின் கிரெடிட் கார்டு காலாவதியாகிப் புதியது வந்தது. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிதாகவோ மாற்றாகவோ வரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், வைத்திருப்பவர்தான் திறக்கவேண்டும். யாரும் திறக்கவில்லை. கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் தனி விதிமுறை இருக்கிறது, அது வெளிநாட்டு வணிகருக்கும் பொருந்தும். அதற்கு ஏற்பாடு செய்யாத சின்ன வெளிநாட்டுச் சேவைகளுக்கு இந்திய கார்டிலிருந்து தானாகப் பணம் போகாது. ஆக, கார்டைத் திறந்து வைத்திருந்தாலும் மார்ச் 24 அன்று பணம் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சேவையிலிருந்து மூன்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில், கேள்விப்படாத ஒரு பெயரில், ‘உங்கள் பணம் செலுத்தும் முறையைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் கணக்கு முடக்கப்படும்’ என்ற தொனியில். கணக்கு பார்க்கும் அம்மா அதை மோசடி மின்னஞ்சல் என்று நினைத்து அழித்தார். அவர்மேல் தவறு சொல்ல முடியாது. இப்படி வரும் எதையும் தொடாதீர்கள் என்றுதான் வங்கியிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிய சேவைகளுக்கு இது ஒரு உண்மையான பலவீனம்: பெயர் பழகாததால், உண்மையான அறிவிப்பும் பொய்யாகத் தெரிகிறது. ரமலானின் கடைசி வாரம், ஆண்டுக் கணக்கு முடிப்பு, போனஸ், மார்ச் 31 அன்று பெருநாள் எல்லாம் ஒன்றாக வந்த நேரம் வேறு.

14 நாள் அவகாசம் முடிந்து ஏப்ரல் 7 அன்று கணக்கு ‘படிக்க மட்டும்’ நிலைக்குப் போனது. கோப்பைத் திறக்கலாம், இறக்கலாம். புதிதாக ஏற்ற முடியாது. குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கவும் முடியாது, ஏனென்றால் மீட்பதும் ஒரு வகையில் எழுதுவதுதான். ஆனால் குப்பைத்தொட்டியின் 30 நாள் கணக்கு மட்டும் நிற்காமல் ஓடியது. இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. கணக்கை நிறுத்தி வைக்கிறவர்கள் அழிப்பதையும் நிறுத்தி வைக்கவேண்டும்.

ஏப்ரல் 17 முதல் 22 வரை

ஏப்ரல் 17, வியாழன். முந்தைய அக்டோபர் லோட் ஒன்றின் குரோமியம் அறிக்கையைப் பையர் கேட்டார். ஃபோல்டரில் பழைய டிஸ்க் காலத்து அறிக்கைகள் மட்டுமே இருந்தன. மாலை என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அந்தச் செயலியை நிறுத்தினோம். எதுவும் மேற்கொண்டு பரவக்கூடாது. அப்புறம் பிரவுசர் வழியாகக் குப்பைத்தொட்டியைப் பார்த்தோம். மார்ச் 14 அன்று நீக்கியவை இல்லை. நான்கு நாள் முன்பே அழிந்திருந்தன. மார்ச் 22 அன்று நீக்கிய ஜோடி அளவு இருந்தது, ஆனால் ஏப்ரல் 21-க்கு மேல் இருக்காது.

சேவைக்கு உடனே எழுதினோம். கோடையில் அவர்கள் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மாலை 5 மணிக்கு அவர்கள் மூடினால் நமக்கு இரவு எட்டரை. அதனால் அன்றே பதில் வரும் என்று எதிர்பார்த்தோம். தானியங்கிப் பதில்தான் வந்தது. மறுநாள் புனித வெள்ளி, திங்கள் ஈஸ்டர் விடுமுறை, இரண்டும் ஜெர்மனியில் அரசு விடுமுறை. மனிதர் எழுதிய பதில் செவ்வாய்க்கிழமைதான் வரும், அது காலம் கடந்தது.

ஆக, பணம் கட்டிக் கணக்கைத் திறப்பது ஒன்றே வழி. கம்பெனி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க ஓடிபி வேண்டும். அது போகும் நம்பர் முதலாளியின் அண்ணனுடையது. அவர் உம்ராவில் இருந்தார், அங்கே அந்த சிம் வேலை செய்யவில்லை. முதலாளியின் சொந்த கார்டு உள்நாட்டுக்கு மட்டும்.

“பாய், உங்க அண்ணன் சிம்முக்கு ரோமிங் போட்டுட்டா ஓடிபி வந்துடும்” என்றேன்.

“நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு அவரைப் பிடிக்கிறேன் தம்பி. அளவு ஃபைல் மட்டும் போயிடக்கூடாது. அது போனா அடுத்த சாம்பிளே நின்னுடும்” என்றார்.

சனிக்கிழமை ஓடிபி வந்தது, பணம் போனது, கணக்கு திறந்தது. ஜோடி அளவை முழுதாக மீட்டோம். மீட்ட கையோடு ஒரு புதிய வெளி டிஸ்க்கில் இறக்கினோம், ஒவ்வொரு சைஸிலும் சில கோப்புகளை டிசைனர் திறந்து சரிபார்த்தார்.

செவ்வாய்க்கிழமை வந்த பதில் மரியாதையாகவும் தெளிவாகவும் இருந்தது. அழிந்ததை மீட்க முடியாது என்றார்கள். கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களாலேயே பார்க்க முடியாது என்றும் சொன்னார்கள். வாங்கும்போது எங்களுக்குப் பிடித்த அம்சமே அதுதான், அதனால் அந்தப் பதிலில் குறை சொல்ல இடமில்லை. பெயர் இரட்டிப்பாவதைப் பிழை என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்துகொண்டார்கள்.

இழப்பும் மீட்பும்

லேப் அறிக்கைகள் திரும்பக் கிடைத்தன. அறிக்கை எண்ணும் லோட் எண்ணும் டேனரி பில்களில் இருந்ததால், லேபில் கேட்டுப் பிரதி வாங்கினார்கள். பையர் கேட்டது சில நாள் தாமதமாகப் போனது, அவர் பொறுத்துக்கொண்டார்.

லோட் போட்டோக்கள் போனது போனதுதான். ஒரு டேனரியோடு தோல் தரம் பற்றி விலைக் குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காட்ட ஆதாரம் இல்லாததால் பாதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கட்டிங் மேற்பார்வையாளரின் போனில் இருந்த சில படங்கள் மட்டுமே மிஞ்சின.

எடுத்த முடிவுகள்

சேவையை விடவில்லை. பையரின் நிபந்தனை அப்படியே இருக்கிறது, சேமிப்பிலும் குறியாக்கத்திலும் சேவை சரியாகவே நடந்தது. உடைந்ததெல்லாம் நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில்: எழுத்து, கார்டு, விடுமுறை.

முதலில் பிரதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. எவ்வளவு பெரிய இடமானாலும் ஒரே இடம் போதாது. இப்போது வாரம் ஒருமுறை எல்லாக் கோப்புகளும் வெளி டிஸ்க்குக்கு இறங்குகின்றன. அந்த டிஸ்க் மற்ற நேரம் கழற்றியே இருக்கும், எனவே நீக்குவது அதற்குப் பரவாது. பையரின் டிசைன் கோப்புகளை மட்டும் இதில் சேர்க்கலாமா என்று அவரிடம் எழுத்தில் கேட்டு, பூட்டிய டிஸ்க்கில் வைக்க ஒப்புதல் வாங்கினார்கள்.

பெயர்களில், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் வையுங்கள் என்று சொல்வது சுலபம். நான் அதைச் சொல்லவில்லை. கட்டிங் பிரிவில் இருப்பவர் தன் ஃபோல்டரைத் தானே கண்டுபிடிப்பது இந்தக் கம்பெனியின் பலம். எல்லாப் பெயர்களையும் சேர்ந்த குறியீட்டு வடிவத்துக்கு ஒரே தடவையில் மாற்றினோம், இரட்டை ஃபோல்டர்களை ஒன்றாக்கினோம். எந்தப் புதிய சேவையை யோசித்தாலும் இனி முதல் சோதனை இதுதான்: மேக்கிலிருந்து ஒன்று, விண்டோஸிலிருந்து ஒன்று, போனிலிருந்து ஒன்று என்று ‘தோல்’ என்ற ஃபோல்டரை உருவாக்கி, கடைசியில் எத்தனை தெரிகிறது என்று பார்ப்பது. கொ, கௌ போன்ற எழுத்துகளோடும் பார்க்கவேண்டும். பணம் கட்டும் முன் இலவசக் கணக்கிலேயே இதை முடித்துவிடலாம்.

பணத்தில், தானாகக் கட்டுவதை நம்பாமல் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கையால் கட்டுவது என்று வைத்தார்கள். கணக்குப் பார்க்கும் அம்மாவின் காலண்டரில் அது ஜிஎஸ்டி தேதிகளோடு சேர்ந்து நிற்கிறது. வெளிநாட்டுச் சேவை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில் கம்பெனியே கட்டவேண்டும் என்பதை ஆடிட்டர் அப்போதுதான் கவனித்தார். சேவை அனுப்பும் மின்னஞ்சல் முகவரி எது என்பதும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் மின்னஞ்சலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், பிரவுசரில் நேராக உள்ளே போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஒப்பந்தத்தில் ஒன்றை மாற்ற முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஒரு கிளவுட் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் உரிமையை அது வாடிக்கையாளருக்குத் தருகிறது. ஆனால் அது ஒன்றியத்துக்குள் இருக்கும் வாடிக்கையாளருக்கு. பேரணாம்பட்டிலிருந்து பணம் கட்டுகிறவர் அதைக் காட்டிக் கேட்க முடியாது. எனவே வெளியேறும் நேரம் வந்தால் என்ன அவகாசம், குப்பைத்தொட்டி எத்தனை நாள், பணம் நின்றால் அழிப்பும் நிற்குமா என்று மூன்றையும் சேவையிடம் எழுத்தில் கேட்டோம். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதை அடுத்த புதுப்பிப்பின்போது மீண்டும் கேட்கப்போகிறோம், அதற்குள் சரியான பதில் வராவிட்டால் வேறு ஐரோப்பிய சேவை பார்ப்பதாக முதலாளி முடிவு செய்திருக்கிறார்.